அண்ணியும் நாத்தனாரும் எடுக்காத படம்

அசைவூட்டக் குறும்பட மேம்பாட்டு வாரியத்தின் பெயர் அதன் கட்டடத்தைவிட நீளமானது. முகப்புச் சுவரில் எழுதிக்கொண்டு வந்த பெயிண்டருக்குக் கடைசிச் சொல்லுக்கு இடம் போதவில்லை. அதை மட்டும் பக்கச் சுவரில் திருப்பி எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆகவே நேர்ச்சாலையில் வருகிறவர்கள் ‘அசைவூட்டக் குறும்பட மேம்பாட்டு’ என்பதுவரை படித்துவிட்டு, மேம்பாட்டு என்ன என்று யோசிப்பார்கள். பக்கத்துச் சந்து வழியாக வருகிறவர்களுக்கு ‘வாரியம்’ என்பது மட்டும் தெரியும். சந்து வழியாக வந்தவர்களுக்குத்தான் அந்த இடத்தைப் பற்றிச் சரியான அபிப்பிராயம் கிடைத்தது. உள்ளே மேம்பாடு எதுவும் கிடையாது. வாரியம்தான் இருந்தது.

இந்த வாரியத்தின் புண்ணியத்தில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்று கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குப் போன கதை இது.

நாத்தனாருக்கு வீட்டில் நத்தை என்று பெயர். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதில் ஆரம்பித்துச் சாப்பிட்டு எழுவதுவரை எல்லாவற்றிலும் அவள் அப்படி. அந்தக் குணமே பிற்பாடு அவளுக்குத் தொழிலாக அமைந்தது. கம்பியும் துணியும் களிமண்ணும் சேர்த்துச் செய்த பொம்மையை மேசைமேல் நிறுத்துவாள். அதன் கையை மயிரிழை நகர்த்துவாள். ஒரு படம் பிடிப்பாள். மறுபடி மயிரிழை, மறுபடி ஒரு படம். காலையில் வாயைத் திறந்த பொம்மை சாயங்காலத்துக்குள் ஒரு கொட்டாவியை விட்டு முடித்தால் அது அவளுக்கு நல்ல நாள்.

அண்ணி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், கதவோரம் நின்று நத்தையின் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “அது நடக்கல. வழுக்குது,” என்றாள்.

கல்யாண வாடை போகாத பெண்ணிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை. நத்தைக்குச் சுருக்கென்றது. அவளோடு பேசவில்லை. ஆனால் அந்த நடையைத் திரும்ப எடுத்தாள். பொம்மை காலை ஊன்றும்போது இடுப்பு ஒரு சுமை இறங்குகிற மாதிரி இறங்கும்படி செய்தாள். எடுத்து முடித்ததும் அடுக்களைக்குப் போய், “இப்ப வந்து பாருங்க,” என்றாள். அண்ணி பார்த்தாள். “இப்ப நடக்குது. ஆனா எங்க போறான்னு அவனுக்கே தெரியல,” என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. அந்த வார இறுதிக்குள் இருவருக்கும் இடையில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. மாதக் கடைசியில் அவர்கள் ஒரு படம் எடுத்திருந்தார்கள்.

அண்ணி தையல் தெரிந்தவள். பொம்மைகளுக்குச் சட்டை தைப்பாள், அட்டையில் சுவர் எழுப்பிச் சாயம் அடிப்பாள், மேசை விளக்கில் எண்ணெய்க் காகிதத்தைக் கட்டிச் சாயங்காலத்தைக் கொண்டுவருவாள். கதையை யார் சொல்வது, அசைவை யார் முடிவு செய்வது என்பதெல்லாம் வகுத்து வைத்ததில்லை. ஒருத்தி ஒன்று சொல்வாள். மற்றவள் மூக்கைச் சுளிப்பாள். இருவரும் வீட்டைத் தலைகீழாக்குவார்கள். முடிவில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் இந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய், அது இல்லாத நாளில் தூக்கம் வராமல் புரளுவார்.

அவர்கள் எடுத்ததில் நல்ல படம் ‘அடுத்தவர் வரலாம்’. முடிதிருத்தும் கடையில் ஒரு வாடிக்கையாளர் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். கடைக்காரருக்கு அவரை எழுப்ப மனம் இல்லை. கத்தரியின் சத்தத்தை அடக்கி வெட்டுகிறார். தும்மல் வருகிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடை முழுக்கச் சுற்றுகிறார். காத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போகிறார்கள். அவ்வளவுதான் படம். அதில் வருகிற குறட்டை அண்ணனுடையது. அவருக்குத் தெரியாமல் எடுத்தது.

படம் வாரியத்தின் விருதுக்குத் தேர்வானது. விருது பெற்ற படத்தை ஊரில் உள்ள திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முன்னால் போடுவார்கள். நத்தைக்கு அது ஒன்றுதான் ஆசை. இருட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஜனங்கள் அந்தத் தும்மல் இடத்தில் சிரிக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

இருவரையும் வாரியத் தலைவர் நேரில் வரச் சொல்லியிருந்தார். தலைவர் அதற்குமுன் குடிநீர்க் குழாய் வாரியத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அங்கே தண்ணீர் நின்றுபோனதால் இங்கே மாற்றினார்கள். பக்கத்தில் செயலாளர் உட்கார்ந்திருந்தார்.

“படத்தோட படைப்பாளர் யாரு?” என்று கேட்டார் தலைவர்.

“நாங்க ரெண்டு பேரும் சார்,” என்றாள் நத்தை.

“ரெண்டு பேருன்னா ரெண்டு படமா?”

“ஒரே படம்தான் சார்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பாரும்மா. நான் குழாயைப் பாத்தே காலம் தள்ளினவன். குழாய்க்கும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டுலயும் ஓட்டம்தான் முக்கியம். குழாய்க்கு ரெண்டு முனை இருக்கும். ஆனா தண்ணி ஒரு முனையிலதான் வரணும். ரெண்டு முனையிலயும் வந்தா அது குழாய் இல்ல, ஓட்டை. மேடையில ஒரு நாற்காலி போட்டிருக்கோம். ஒரு கேடயம் செஞ்சிருக்கோம். நாற்காலியில யாரு உக்காரப் போறீங்க?”

“ரெண்டு நாற்காலி போட முடியாதா சார்?” என்றாள் அண்ணி.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், ஆகாயத்தில் இன்னொரு சூரியனைத் தொங்கவிட முடியுமா என்று யாரோ கேட்டதுபோலச் சிரித்தார். பிறகு பேச்சை மாற்றினார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு?”

“நான் அண்ணி. இவ என் நாத்தனார்.”

“அண்ணியும் நாத்தனாரும் ஒத்துமையாவா வேலை செய்றீங்க?”

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒத்துமையா? தினம் சண்டைதான் சார். சண்டை வராத அன்னிக்கு எங்களுக்கு வேலையே ஓடாது.”

செயலாளரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக உயிர் வந்தது. “அப்ப தகராறு இருக்குன்னு ஒத்துக்கிறீங்க,” என்றார்.

தகராறு உள்ள படத்துக்கு வாரியத்தில் தனி வழி இருந்தது. படைப்பாளர் யார் என்று நிர்ணயம் ஆகும்வரை அதை எங்கும் யாருக்கும் காட்டக் கூடாது. பிரதி வாரியத்தின் இரும்பு அலமாரியில் இருக்கும். வீட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று நத்தை கேட்டாள்.

“தாராளமா பாருங்க. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கக் கூடாது,” என்றார் செயலாளர்.

படைப்பாளரை நிர்ணயிக்க ஒரு நிபுணரை அமர்த்தினார்கள். கூட்டுப் படைப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேச்சு. அதைப் பற்றித் தன் மனைவியோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்து, முன்னுரையிலேயே பிரிந்தவர். மிச்சப் புத்தகத்தைத் தனியாக எழுதி முடித்தார். அவர் வீட்டுக்கு வந்தார், தேநீர் குடித்தார், படத்தில் வரும் ஒவ்வோர் அசைவும் யாருடைய யோசனை என்று விசாரித்தார்.

“தூங்கறவரோட தலை சாயுதே, அது யார் யோசனை?”

“அதுக்குத்தான் சார் பெரிய சண்டை,” என்றாள் நத்தை. “நான் மெதுவா சாயணும்னேன். அண்ணி பொத்துனு விழணும்னா. ரெண்டு நாள் பேச்சே இல்ல. அப்புறம் பஸ்ல போறப்ப முன் சீட்டுல ஒருத்தர் தூங்கிட்டிருந்தார். தலை மெதுவாப் போச்சு, போச்சு, பொத்துனு விழுந்துச்சு, உடனே யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டோம்.”

நிபுணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அந்த யோசனை உங்க ரெண்டு பேரோடதும் இல்ல. பஸ்ல தூங்கினவரோடது.”

நத்தை சிரித்தாள். நிபுணர் சிரிக்கவில்லை என்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள்.

மறு வாரம் வாரியம் பேருந்துகளில் அறிவிப்பு ஒட்டியது. அந்தத் தடத்தில் பயணம் செய்யும்போது தூங்கியவர், தூக்கத்தில் தலை சாய்ந்தவர், தம் உரிமையை நிலைநாட்ட நேரில் வர வேண்டும். வாரியத்தின் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஊரில் இத்தனை பேர் பேருந்தில் தூங்குகிறார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, நிபுணர் முன்னால் தூங்கிக் காட்டச் சொன்னார்கள். சிலர் நடித்தார்கள், அவர்களைத் தள்ளுபடி செய்தார்கள். சிலர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்ப அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. சாயங்காலம் கட்டடத்தைப் பூட்டும்போது உள்ளே இருந்தவர்களில் யார் மனுதாரர், யார் ஊழியர் என்று காவலாளிக்குப் பிரிக்க முடியவில்லை.

அண்ணனுக்கும் அழைப்பு வந்தது. குறட்டையின் உரிமையாளர் என்ற வகையில். அவர் லிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

“குறட்டை விடறப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?” என்று நிபுணர் கேட்டார்.

“தூங்கிட்டிருந்தேன் சார்.”

“அது எல்லாரும் சொல்றதுதான். கலைரீதியா என்ன நெனச்சீங்க?”

அண்ணன் நேர்மையானவர். வெகுநேரம் யோசித்தார். “முதுகு வலிச்சுது,” என்றார்.

அடுத்தது பரிசோதனை. அண்ணியையும் நத்தையையும் தனித்தனி அறைகளில் வைத்தார்கள். நத்தையின் முன்னால் ஒரு மேசை, ஒரு பொம்மை, ஒரு கேமரா. “உங்க அண்ணி இல்லாம இதை நடக்க வைங்க,” என்றார் செயலாளர். நத்தை நகர்த்தினாள். படம் பிடித்தாள். நகர்த்தினாள். வழக்கமாக இந்த நேரத்துக்குப் பின்னாலிருந்து ‘நிறுத்து, எங்க போறான் அவன்?’ என்று ஒரு குரல் வரும். அது வரவில்லை. வரும் வரும் என்று அவள் நகர்த்திக்கொண்டே போனாள். மேசையின் விளிம்பு வந்தது. பொம்மை அதையும் தாண்டி ஒரு காலை எடுத்து வைத்தது. கீழே விழுந்த பொம்மையை நிபுணர் குனிந்து பார்த்து, ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

அண்ணியின் அறையில் வெறும் மேசை. “உங்க நாத்தனார் இல்லாம உங்க வேலையைச் செய்யுங்க,” என்றார்கள். தன் வேலை என்ன என்று அண்ணி யோசித்தாள். “வேணாம்,” என்றாள் மேசையைப் பார்த்து. “இந்த வெளிச்சமும் வேணாம்.” பிறகு பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் செயலாளரைப் பார்த்தாள். “இந்தச் சட்டை உங்களுக்கு வேணாம் சார். ஆளைத் தூக்கித் தின்னுது.” அதுவும் பதிவானது.

இவ்வளவையும் இருவரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி வெளியே வந்ததும் மற்றவளிடம் நடித்துக் காட்டுவாள். சந்து முனைவரை சிரித்துக்கொண்டே போவார்கள். வாரியத்தின் அடுத்த காரியம் அந்தச் சிரிப்பில் கையை வைத்தது.

இருவரும் சொன்ன சாட்சியங்களை இருவரையும் உட்கார வைத்துச் செயலாளர் உரக்கப் படித்தார். தேநீர் குடித்துக்கொண்டே நிபுணர் பேச்சோடு பேச்சாகக் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்கள் அவை. “அவளை விட்டா ஒரு பொம்மையை எழுப்பி உக்கார வைக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும். நான் ஒருத்தி கத்தறதாலதான் படம் முடியுது,” என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். செயலாளர் படித்தது இது: “நாத்தனார் வேலையைத் தாமதப்படுத்துகிறார். தாம் இல்லையேல் படம் முடிந்திராது என அண்ணி உறுதிபடக் கூறினார்.” நத்தை சொல்லியிருந்தது, “அண்ணிக்கு எதைப் பாத்தாலும் வேணாம்தான். சாமியே வந்து நின்னாலும் லைட்டு சரியில்லைன்னுவா.” செயலாளர் படித்தது: “அண்ணியின் பங்களிப்பு வெறும் மறுப்பு மட்டுமே என நாத்தனார் தெரிவித்தார்.”

சொன்ன சொல் எதுவும் பொய் இல்லை. சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். நத்தை திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்படிச் சொல்லல சார்,” என்று யாராவது ஒருத்தி சொல்லியிருக்கலாம். மற்றவள் சொல்லட்டும் என்று ஒவ்வொருத்தியும் காத்திருந்தாள். அதற்குள் செயலாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நத்தை புதுப் படத்துக்கான தபால்காரர் பொம்மையை மேசையில் நிறுத்தினாள். ஒரு நடை எடுத்தாள். எடுத்ததைத் திரையில் ஓடவிட்டுவிட்டு, “அண்ணி, இது உங்களுக்குச் சரியா இருக்கா?” என்றாள்.

அண்ணி பார்த்தாள். “நல்லா இருக்கு. உங்க விருப்பம்,” என்றாள்.

தேநீர் தம்ளரோடு வந்துகொண்டிருந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் போய்க் கூடத்தையும் பார்த்துவிட்டு வந்தார். “யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

தபால்காரர் திரையில் நடந்துகொண்டிருந்தார். அவர் நடக்கவில்லை, வழுக்கினார். நத்தைக்கு அது தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. “நல்லா இருக்கு” என்ற சொல் இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அண்ணி தன்னைக் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்ததாக இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், இப்போது ஒரு வார்த்தை திட்டு வராதா என்று மேசையோரம் நின்றாள். அண்ணி விளக்கை அணைத்துவிட்டு, “அப்புறம் பாக்கலாம்ங்க,” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கதவுகளை மெல்லச் சாத்தினார்கள். ‘நீங்க சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுக்கொண்டார்கள். அண்ணன் தூக்கம் வராமல் புரண்டார். பொம்மைகள் மேசையில் நின்ற இடத்திலேயே நின்றன.

தீர்ப்பு நாளில் நிபுணர் எழுந்து நின்றார். அவர் குரலில் ஒரு பெரிய உண்மையைச் சுமந்து வந்த களைப்பு இருந்தது.

“அண்ணி இல்லாமல் நாத்தனாரைச் சோதித்தோம். இந்தப் படத்தை எடுக்க அவரால் முடியவில்லை. நாத்தனார் இல்லாமல் அண்ணியைச் சோதித்தோம். அவராலும் முடியவில்லை. இந்தப் படத்தை எடுக்க இவரால் முடியாது, அவராலும் முடியாது. ஆகவே இந்தப் படத்தை இவர்கள் எடுக்கவில்லை.”

அறையில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

“அப்ப யாருதான் எடுத்தாங்க?” என்றாள் அண்ணி.

“அதைத்தான் நாங்களும் தேடினோம். யாரும் எடுக்கல. அது தானாத் தோணினது,” என்றார் நிபுணர்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். “என் அனுபவத்துல இது புதுசு இல்ல. குழாய் வாரியத்துல நாங்க கவனிக்காம விட்ட இடத்துலதான் நல்ல தண்ணி ஊறிக்கிட்டிருந்துச்சு. இதுல பெரிய சௌகரியம் என்னன்னா, தானாத் தோணின படத்தால வாரியத்துக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அது கேள்வி கேக்காது. ரெண்டு நாற்காலி கேக்காது. இனிமே வர்ற படமெல்லாம் இப்படி வந்தா நாங்க எவ்வளவோ நிம்மதியா மேம்படுத்துவோம்.”

விழா பெரிய அரங்கில் நடந்தது. மேடையின் நடுவில் அந்த ஒற்றை நாற்காலியைப் போட்டு, அதில் யாரையும் உட்கார வைக்காமல், கேடயத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தலைவர் நாற்காலிக்குப் பூங்கொத்து கொடுத்தார். அது வாங்கிக்கொள்ளாமல் கீழே விழுந்தது. செயலாளர் ஒட்டுநாடா கொண்டுவந்து பூங்கொத்தை நாற்காலியின் கையோடு சேர்த்து ஒட்டினார். புகைப்படக்காரர்கள், “கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றார்கள். நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அண்ணிக்கும் நத்தைக்கும் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்திருந்தது. ‘படத்தை அறிந்தவர்கள்’ என்ற தகுதியில்.

பக்கத்தில் இருந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், எடுத்தவர் தவறிட்டாரா?” என்று கேட்டாள்.

“இன்னும் தவறல. கொஞ்ச நேரம் இருக்கு,” என்றாள் அண்ணி.

தலைவர் பேசினார். படைப்பாளரின் அடக்கத்தைப் புகழ்ந்தார். மற்ற விருதாளர்களைப் போல நன்றியுரை என்ற பெயரில் நேரத்தை வீணாக்காத பண்பைப் புகழ்ந்தார். பிறகு, அப்படி மிச்சமான நேரத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். குழாய்களைப் பற்றிப் பேசினார். தம் இளமையைப் பற்றிப் பேசினார். அரங்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. படத்தைப் போடாமல் விடலாமா என்று செயலாளர் காதோடு கேட்டார். தலைவர் பெருந்தன்மையாக, “போடுங்க. சீக்கிரமாப் போடுங்க,” என்றார்.

சீக்கிரமாகவே போட்டார்கள்.

திரையில் முடிதிருத்துபவர் நாய் துரத்துகிறவர்போல நாற்காலியைச் சுற்றி ஓடினார். கத்தரி மின்விசிறிபோலச் சுழன்றது. வாடிக்கையாளரின் தலை, யாரோ அடித்ததுபோல ஆடியது. தூங்கிப்போக வேண்டியவர்கள் பொத்துப் பொத்தென்று செத்து விழுந்தார்கள். பெயர்கள் வருகிற இடத்தில் வாரியத்தின் பெயர் வந்தது. அதற்கும் கடைசிச் சொல்லுக்கு இடம் போதவில்லை. எங்கேயோ ஒரு கொசு ரீங்காரம் கேட்டது.

“இது என் குறட்டையா?” என்றார் அவர்களோடு வந்திருந்த அண்ணன்.

தும்மல் இடத்தில் யாராவது சிரிக்கிறார்களா என்று நத்தை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஓர் இடமே வரவில்லை. இருட்டில் அண்ணி கேட்டாள்.

“தும்மல் வந்துச்சா?”

“போயிடுச்சு அண்ணி.”

“எப்ப?”

“நீ கண்ணைச் சிமிட்டினியே, அப்ப.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது நத்தைக்கு உறைத்தது. அண்ணிக்கும் உறைத்திருக்க வேண்டும். அவள் கை தூணைச் சுற்றி வந்து நத்தையின் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தது. “கொன்னுட்டானுங்கடி,” என்றாள். “எத்தனை மாசம் உக்காந்து அந்த மூக்கைப் பிடிக்க வச்ச நீ. கொன்னுட்டானுங்க.”

“நான் சொன்னேனே, அதை அவங்க படிச்ச மாதிரி சொல்லல அண்ணி.”

“தெரியும். நானும்தான் சொல்லல. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தேன் பாரு, அதுக்கு என்னைச் செருப்பால அடி.”

வெளியே வந்து மூவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பிறகு அண்ணி, “அந்தக் குழாய்க்காரத் தலைவன் மேடை ஏறினப்ப பாத்தியா? முழங்காலை மடக்காமலே ஏறினான்,” என்றாள்.

“முழங்காலை மடக்கினான். இடுப்பைத்தான் மடக்கல.”

“உனக்குக் கண்ணே கிடையாது. கால் கம்பு மாதிரி வந்துச்சு.”

“வயிறு முன்னால போயிடுச்சு, கால் பின்னாலயே வந்துச்சு. அதான் கம்பு மாதிரி தெரிஞ்சிருக்கு. நடந்து காட்டட்டுமா?”

“காட்டு.”

நத்தை நடந்து காட்டினாள். “அது அவன் இல்ல, அவன் தம்பி,” என்றாள் அண்ணி. அவளும் நடந்தாள். நத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பேருந்து வந்தது, நின்றது, போனது. இருவரும் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தார், ஆனால் கூப்பிடவில்லை. அவருக்குக் கொட்டாவி வந்தது.

அந்த நடையைத் தேடித்தான் அடுத்த படம் பிறந்தது. ஓர் அதிகாரி ஒரு கதவின் முன்னால் நிற்கிறார். இழுத்தால் திறக்கிற கதவு. அவர் தள்ளுகிறார். திறக்காததால் கதவுக்கு அறிவுரை சொல்கிறார். கதவின் கடமைகளை விளக்குகிறார். ஒரு நாற்காலி வரவழைத்து உட்கார்ந்து, கதவைப் பற்றிக் கதவிடமே விசாரிக்கிறார். பின்னால் வந்த ஒரு துப்புரவுக்காரப் பெண் கதவை இழுத்துத் திறந்துகொண்டு உள்ளே போகிறாள், அது சாத்திக்கொள்கிறது, அவர் மறுபடி தள்ளுகிறார். கதவுக்கு எந்த நிறம் என்பதில் அண்ணியும் நத்தையும் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாற்றிக்கொண்டு போனார்.

படத்தை வாரியத்துக்கு அனுப்பவில்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டார்கள். பிறகு ஒரு டயர்க் கடைச் சுவரில். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம். நத்தை ஒவ்வொரு தடவையும் கடைசியில் போய் உட்கார்ந்தாள். அதிகாரி கதவிடம் ‘உனக்கு முன் அனுபவம் உண்டா’ என்று கேட்கிற இடத்தில், முகம் தெரியாத ஜனங்கள் இருட்டில் சிரித்தார்கள். முதலில் ஒருவர், பிறகு ஒரு வரிசை, பிறகு சுவரே அதிர்கிற மாதிரி. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். அண்ணி காதோரம், “இன்னும் கொஞ்சம் முன்னாடி சிரிச்சிருக்கணும். நீதான் அவன் கையை லேட்டாத் தூக்கின,” என்றாள்.

அந்த ஆண்டு வாரியத்துக்கு யாரும் படம் அனுப்பவில்லை. தானாகத் தோன்றும் படத்துக்காகச் சில மாதம் காத்திருந்தார்கள், அதுவும் தோன்றவில்லை. கடைசியில் செயலாளரே அவர்கள் வீட்டுக்கு வந்தார். வேறு சட்டை போட்டிருந்தார்.

“இந்தத் தடவை விதியை ரொம்பத் தளர்த்தியிருக்கோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள வரலாம்,” என்றார்.

“போலாமா?” என்று நத்தை கண்ணால் கேட்டாள். “அந்தத் தலைவன் நம்ம படத்தைப் பாக்கறதை நான் பாக்கணும்,” என்றாள் அண்ணி.

தலைவரின் அறையில் படம் ஓடியது. அதிகாரி கதவை நோக்கி முதல் அடி வைத்ததுமே அது யார் நடை என்று நிபுணருக்குப் புரிந்துவிட்டது. அவர் கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் துடைத்தார். செயலாளர் தரை விரிப்பில் எதையோ தொலைத்தவர்போலக் குனிந்துகொண்டார். தலைவர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் புன்னகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி கதவிடம் முன் அனுபவம் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணீரைத் துடைத்தார்.

“அற்புதம்! இந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும்,” என்றார். “குழாய் வாரியத்துல எனக்கு மேல இருந்தான். அதே வயிறு, அதே நடை, அதே மண்டைக்கனம். இவனையெல்லாம் யாரு நாற்காலியில உக்கார வைக்கறாங்கன்னு நான் ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன்.”

நிபுணரின் கைக்குட்டை நனைந்துவிட்டிருந்தது.

“சரி, போன தடவை மாதிரி குழப்பம் வேணாம்,” என்று தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரே ஒரு பேர். இந்தப் படத்தோட படைப்பாளர் யாரு?”

அண்ணி நத்தையைப் பார்த்தாள். நத்தை அண்ணியைப் பார்த்தாள். சேர்ந்து வாழ ஆரம்பித்த நாளிலிருந்து இருவரும் சண்டை போடாமல் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

“நீங்கதான் சார்,” என்றார்கள் ஒரே குரலில்.

செயலாளர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை மெதுவாக மாட்டிக்கொண்டார். முகத்தில் அடக்கம் வந்து படிந்தது.

“எனக்கும் அப்படித்தான் தோணிக்கிட்டே இருந்துச்சு,” என்றார்.